வகுப்பறை அரசின் பொறுப்பு, வாசல்வரை சபையின் பொறுப்பு

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெற்றோரும், ஓய்வுபெற்ற அதிபர் ஆசிரியர்களும், பழைய மாணவர்களும் சேர்ந்தது எமது அமைப்பு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் எழும்பி இதைக் கேட்காமல் விடுவதில்லை: "நாங்க கட்டுற சோலை வரியில ஏன் ஸ்கூலுக்கு ஒரு சதமும் வாறதில்ல?" முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போகும் தாய் தகப்பன் வதிவிடத்தைக் காட்டுவதற்கு வாக்காளர் இடாப்புப் பிரதியோடும் மின்பட்டியலோடும் உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் சோலை வரிப் பற்றுச்சீட்டையும் கோப்பில் வைத்துக்கொண்டு போகிறார்கள். அப்படிப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். அதற்கு எமது பதிலைப் பகிரங்கமாகச் சொல்கிறோம்.

ஆசிரியர் சம்பளம், கட்டடம், பாடநூல், ஆய்வுகூடம் ஆகியவற்றின் செலவைச் சோலை வரியின் தலையில் கட்டக்கூடாது. அது திறைசேரியின் கடன். ஆனால் பாடசாலை வாசல்வரையுள்ள வடிகான், வீதி விளக்கு, குப்பை, விளையாட்டு மைதானம், பொது நூலகம் ஆகியவை சோலை வரியைக்கொண்டு நடக்கவேண்டியவை. அவற்றிலிருந்து எந்தச் சபையும் கைகழுவ முடியாது.

நகரத்தின் வரியால் நகரத்தின் பாடசாலையை நடத்தும் யோசனை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. பிரித்தானியர் காலத்தில், 1906இல் நகரப் பாடசாலைகளுக்கும் 1907இல் கிராமப் பாடசாலைகளுக்கும் தனித்தனிக் கட்டளைச் சட்டங்கள் கொண்டுவந்து உள்ளூர் அமைப்புகளின் தோளில் சுமையை வைத்தார்கள். வசதியான ஊர் தாங்கிக்கொண்டது, இல்லாத ஊர் பின்தங்கியது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தபோது, பிள்ளை எந்த ஊரில் பிறந்தாலும் படிப்புக்கு அரசே பொறுப்பு என்று இந்த நாடு ஏற்றுக்கொண்டது. கரையோரத்து நெசவாளியின் மகனும் மீனவரின் மகளும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வந்தது அந்த ஏற்பினால்தான். அதை எந்தச் சீர்திருத்தத்தின் பெயராலும் தளர்த்த நாங்கள் இணங்கமாட்டோம்.

வீட்டு வரியில் பாடசாலையை நடத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரம் சாட்சி. அங்கு எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதிப் பெற்றோர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. எட்ஜ்வுட் மக்கள் 100 டொலர் ஆதனத்துக்கு 1 டொலர் 5 சதம் வீதம் வரி கட்டினார்கள். பக்கத்திலிருந்த அலமோ ஹைட்ஸ் பணக்காரர்கள் கட்டியது 85 சதம்தான். அப்படியிருந்தும் உள்ளூர் வரியிலிருந்து எட்ஜ்வுட் பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 26 டொலர், அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 333 டொலர். கூடுதலான வீதத்தில் வரி கட்டியவனின் பிள்ளைக்குக் குறைவாகக் கிடைத்தது. 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அந்தப் பெற்றோரின் வழக்கைத் தள்ளிவிட்டது.

இதை நமது ஊர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். கல்முனை பஸாரில் நிரைக்குக் கடைத்தொகுதிகள் நிற்கின்றன. நாவிதன்வெளியிலும் இறக்காமத்திலும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். பிரதேச சபைகள் கட்டடங்கள் அடர்ந்த இடமென்று பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளில் மட்டுமே சோலை வரி எனும் மதிப்பீட்டு வரியை அறவிடலாம்; பயிர்க்காணிக்கு உள்ளது ஏக்கர் வரி. அந்தச் சபைகளின் வருமானத்தில் பாடசாலை நடத்துவதென்றால் மேசை கதிரைக்கே காணாது. மாநகர சபைக்குள்ளும் பஸாரின் வருமானம் வேறு, சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டங்களின் வருமானம் வேறு.

சென்னையில் சொத்து வரிக்குள் கல்வி வரி என்றொரு பங்கு இருக்கிறதே என்று சிலர் காட்டுகிறார்கள். அங்கே மாநகராட்சி தன் பெயரில் பள்ளிக்கூடங்களை நடத்துகிறது. நமது சபைகளிடம் பாடசாலையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் தேசிய பாடசாலைகள் கொழும்பின் கல்வி அமைச்சின் கீழும் மற்றவை மாகாணத்தின் கீழும் வந்துவிட்டன. தமிழ்நாட்டிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள விரும்புவது வேறொன்று. அங்கு 1948இன் பொது நூலகச் சட்டத்தின் வழியாகச் சொத்து வரியோடு நூலக வரியும் அறவிடப்படுகிறது. இன்று அது சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. சோலை வரியில் ஒரு பங்கு நூலகங்களுக்கென்றே ஒதுக்கப்படுமானால் எமது உறுப்பினர்கள் முதல் ஆளாக ஆதரிப்பார்கள்.

இனி, யாரும் வரி என்று பெயர் சொல்லாத வரியைப் பற்றிப் பேசவேண்டும். இலவசக் கல்வி என்கிறோம். வசதிகள் கட்டணம், அபிவிருத்திச் சங்கச் சந்தா, வகுப்பறைக்குப் பெயின்ற், மின்விசிறி, போட்டோக்கொப்பி இயந்திரம், விளையாட்டுப் போட்டிச் செலவு என்று பெற்றோரிடம் வருடம் முழுக்க வசூல் நடக்கிறது. மாணவர் அனுமதியோடு தொடர்புபடுத்திப் பணமோ பொருளோ வாங்குவதைக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்கள் தடைசெய்கின்றன. ஆனாலும் "அன்பளிப்பு" என்ற பெயரில் கேட்கும்போது, பிள்ளையின் இடத்துக்காகக் காத்திருக்கும் தகப்பன் எப்படி மறுப்பான்? கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பழைய மாணவர்கள் உள்ள பாடசாலைக்கு மண்டபம் எழும்புகிறது. அதே வீதியில் ஐந்தாம் தரம் வரையுள்ள சின்னப் பாடசாலைக்கு மலசலகூடக் கதவுக்கும் வழியில்லை. அதே எட்ஜ்வுட் கணக்கு இங்கே வேறு உருவத்தில் நடக்கிறது. கொடுப்பவர்களின் மனது பெரியது, அவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ஸதகாவை நம்பி அரசு தன் கடமையைக் குறைத்துக்கொள்வது முறையல்ல.

சபையின் பக்கம் வருவோம். எங்கள் கரையோரத்துப் பாடசாலை ஒன்றின் முன்னால் ஒரு வடிகான் ஓடுகிறது. மாரி தொடங்கியதும் பொலித்தீனும் மண்ணும் அடைத்து, வீதித் தண்ணீர் மதிலின் கீழால் மைதானத்துக்குள் வரும். காலைக் கூட்டம் நடக்காது. சின்னப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகும். அதிபர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினால் அது உள்ளூராட்சியின் வேலை என்று பதில் வரும். சபைக்குப் போனால் அது பிரதான வீதி, வீதிக்காரர்களிடம் போங்கள் என்பார்கள். கடைசியில் பெற்றோர் காசு சேர்த்துக் கூலிக்கு ஆள் பிடித்து வெட்டிவிடுவார்கள். அந்த வருடம் அந்தப் பெற்றோர் வடிகானுக்கு இரண்டு தரம் வரி கட்டினார்கள் என்றே நாங்கள் கணக்கு வைக்கிறோம். எந்த வீதியின் ஓரமாக இருந்தாலும் பாடசாலைச் சுற்றாடலைத் துப்புரவாக வைப்பதற்குச் சபை முன்னுக்கு நிற்கவேண்டும். செலவை யாரிடம் மீட்பது என்பதை அலுவலகங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.

சபைக்கும் கையில் பணம் வேண்டும். காணி உறுதி எழுதும்போது கட்டும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் ஊடாகவே உள்ளூராட்சி மன்றங்களுக்கு வருகின்றன. அவை தாமதமில்லாமல் வந்துசேரவேண்டும். மதிப்பீடு பழசாகிப்போனால் மாடிக்கடை கட்டியவரும் ஓட்டுவீட்டுக்காரரும் கிட்டத்தட்ட ஒரே தொகை கட்டும் நிலை வரும். விலைமதிப்புத் திணைக்களத்தின் மீள்மதிப்பீடு காலத்துக்குக் காலம் நடக்கவேண்டும், வாழ்வாதாரம் இழந்த வீடுகளுக்குச் சலுகையோடு. வசதியிருந்தும் நிலுவை வைப்பவர்களை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஜனவரி 31க்கு முன் முழு வருட வரியையும் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு கிடைக்கும். எமது உறுப்பினர்கள் அப்படியே கட்டவேண்டுமென்று கேட்டிருக்கிறோம்.

வரி கட்டுகிறவன் யாரிடம் கணக்குக் கேட்பது? இந்த விடயத்தில் எங்களுக்கு மிகப் பெரிய வலி இதுதான். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பர் இறுதியோடு கலைந்தது. அதற்குப் பிறகு எங்கள் மாகாணப் பாடசாலைகளைப் பற்றி வாக்குப் பெற்ற ஒருவர் மாகாண சபையில் எழும்பிப் பேசியதில்லை. கல்முனை மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆந் திகதி நாட்டில் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, வழக்கு காரணமாகக் கல்முனை அதில் இல்லை. சோலை வரி அறிவித்தல் மட்டும் தவறாமல் வருகிறது. கல்முனை மாநகர சபைக்குள் அடங்கும் சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை, பாண்டிருப்பு ஊர்களின் எல்லைகளைப் பற்றி எமது உறுப்பினர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு, அதில் அமைப்பாக நாங்கள் பக்கம் எடுக்கவில்லை. எல்லை எப்படி முடிவானாலும் தெரிவுசெய்யப்பட்ட சபை வேண்டும். எல்லைச் சண்டைக்காகத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் யாரும் நட்டப்படக்கூடாது.

ஆகவே கல்வி அமைச்சிடமும் கிழக்கு மாகாண ஆளுநரிடமும் கேட்கிறோம்: தேசிய, மாகாண என்ற வேறுபாடில்லாமல் பிள்ளைக் கணக்கில் பாடசாலைக்குப் பணம் ஒதுக்குங்கள், வறிய ஊர்ப் பாடசாலைக்கு அதற்கு மேலும் கொடுங்கள். பெற்றோரிடம் சேர்க்கும் ஒவ்வொரு ரூபாவும் பற்றுச்சீட்டோடு சேரவும், தவணைக்கு ஒருமுறை கணக்கு அறிவித்தல் பலகையில் ஒட்டப்படவும் உத்தரவிடுங்கள். மாகாண சபைத் தேர்தலை அரசு நடத்தவேண்டும். கரையோரத்து மாநகர, பிரதேச சபைகளிடம் கேட்பது, அடுத்த பாதீட்டில் பாடசாலைச் சுற்றாடலுக்கென்று தனித் தலைப்பும் தொகையும் போடவேண்டும் என்பதே. எந்தப் பாடசாலை முன்னால் எந்த வடிகான், எந்த விளக்கு என்ற பட்டியலை எமது உறுப்பினர்கள் ஊர் ஊராகத் தயாரிக்கிறார்கள். மாரிக்கு முன் அதை ஒவ்வொரு சபையின் ஆணையாளரிடமும் செயலாளரிடமும் நேரில் கையளிப்போம்.