போய் அவையளிட்டச் சொல்லுங்கோ

கந்தோர்களில் எங்களுக்குப் பழகிப்போன ஒரு பதில் இருக்கிறது: "இது எங்கட பகுதி இல்லை, அங்கால போய்க் கேளுங்கோ." மென்பொருள் உலகத்திலும் இதே பதில் ஓடுகிறது. அதுவும் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்ட ஒரு மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது இந்தப் பதில் வந்தது என்றால், அதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கத்தான் வேண்டும்.

ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2020-27197. இருந்த இடம் லிப்டாக்ஸி என்ற பைத்தன் நூலகம்.

முதலில் இது என்ன வேலைக்கான நூலகம் என்று பார்ப்போம். ஒரு வங்கியின் கணினிகளுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த முகவரியிலிருந்து வந்தார்கள், என்ன கோப்பை இறக்கினார்கள் என்ற தடயங்களை மற்ற வங்கிகளுக்கும் சொன்னால், அவர்கள் முன்கூட்டியே கதவைச் சாத்தலாம். கள்ளன் வந்த வழியை அயலுக்குச் சொல்வது மாதிரி. இதை மனிதர்கள் மின்னஞ்சலில் எழுதிக்கொண்டிருந்தால் நேரம் போதாது. அதனால் அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம், அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவோடு, இயந்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இரண்டு தரங்களை உருவாக்கியது. தகவலை எழுதும் வடிவத்துக்குப் பெயர் ஸ்டிக்ஸ். அதை ஏற்றி இறக்கும் முறைக்குப் பெயர் டாக்ஸி (பெயர் வேண்டுமென்றே வைத்ததுதான் போல). 2015இல் இரண்டும் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் கைக்குப் போயின. ஆரம்பப் பதிப்புகள் எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருந்தன. அந்த எக்ஸ்எம்எல் செய்திகளைப் பைத்தன் நிரலுக்கு விளங்குகிற வடிவத்துக்கும், திரும்ப எக்ஸ்எம்எல்லுக்கும் மாற்றுவதுதான் லிப்டாக்ஸியின் வேலை.

இனிப் பிழைக்கு வருவோம். வாசிக்கச் சொல்லிக் கொடுக்கப்படும் எழுத்துச் சரம் எச்டிடிபி என்று தொடங்கினால், நூலகம் அதைச் செய்தியாகப் பார்ப்பதில்லை. அதை ஒரு இணைய முகவரி என்று எடுத்துக்கொண்டு அங்கே போய்விடும். கடிதத்தை வாசி என்று கொடுத்தால், கடிதத்தில் எழுதியிருக்கிற வீட்டுக்கு எழும்பிப் போகிற வேலைக்காரன் மாதிரி. இதில் பெரிய வேடிக்கை, "வலையமைப்புக்குப் போகாதே" என்ற அமைப்பைப் போட்டு வைத்திருந்தும் அது போனது.

போனால் என்ன என்று கேட்கலாம். வெளியில் இருக்கிற ஒருவரால் தொட முடியாத பல இடங்கள் சேர்வருக்கு உள்ளே இருந்து பார்த்தால் திறந்துதான் இருக்கும். உதாரணத்துக்கு, மேகக் கணினிச் சேவைகளில் 169.254.169.254 என்று ஒரு முகவரி இருக்கிறது. வெளியிலிருந்து அதை எட்ட முடியாது. உள்ளே ஓடுகிற சேர்வர் கேட்டால், பாதுகாப்பு இறுக்கமாக இல்லாத இடத்தில், தற்காலிகச் சாவிகளைக் கூடத் தந்துவிடும். 2019இல் அமெரிக்காவின் கப்பிட்டல் வண் வங்கியில் இந்த வகைத் தாக்குதல்தான் நடந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் விபரங்களும் கனடாவில் சுமார் 60 இலட்சம் பேரின் விபரங்களும் வெளியே போயின. அது லிப்டாக்ஸியால் நடந்ததல்ல. ஆனால் சேர்வரை ஏமாற்றி அனுப்புவது சின்ன விசயம் இல்லை என்று அது நடந்து அடுத்த வருசமே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு மென்பொருள் தரப்பு சொன்ன விளக்கம் பதிவிலேயே இருக்கிறது. எங்கள் செயற்கூறு எல்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு நூலகத்தை மூடிய உறை மட்டும்தான், ஆகவே அவர்களிடம் எழுப்ப வேண்டிய பிரச்சினையாக இருக்கலாம் என்பது அதன் சாரம்.

நியாயமாகப் பார்த்தால் இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. "வலைக்குப் போகாதே" என்று பெயர் வைத்துவிட்டுப் போக விடுவது குழப்பம்தான். ஆனாலும் எங்களுக்கு இந்தப் பதில் சரியாகப் படவில்லை. எல்எக்ஸ்எம்எல் ஒரு பொதுக் கருவி. கோப்பின் பெயரையோ முகவரியையோ கொடுத்தாலும் வாசிக்கும் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கொடுக்கப்படுகிற எழுத்து சொந்த வன்தட்டில் இருந்து வந்ததா, முன்பின் தெரியாத ஆளிடமிருந்து வந்ததா என்று அதுக்கு எப்பிடித் தெரியும்? லிப்டாக்ஸிக்குத் தெரியும். வெளியாட்களின் செய்திகளை வாங்குவதற்காகவே பிறந்த நூலகம் அது. கறிக்கு உப்புக் கூடினால் உப்பளத்துக்கு முறைப்பாடு எழுதுவதில்லையே.

பிறகு வந்த பதிப்பில் லிப்டாக்ஸி இந்த வழியை அடைத்துவிட்டது. அதாவது, தங்கள் பக்கத்திலேயே திருத்த முடிந்திருக்கிறது.

"அவையளிட்டச் சொல்லுங்கோ" என்று கையைக் காட்டினால், அந்தக் கை எங்கே போய் நிற்கும் என்றும் பார்க்க வேண்டும். எல்எக்ஸ்எம்எல்லுக்குக் கீழே லிப்எக்ஸ்எம்எல்2 இருக்கிறது. எண்ணிலடங்காத மென்பொருட்களுக்கு அதுதான் அத்திவாரம். அதைப் பராமரித்தவர் சம்பளமில்லாத ஒரு தன்னார்வலர். பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தனி மரியாதை கிடையாது, மற்றப் பிழைகளைப் போலத்தான் அவையும் திருத்தப்படும் என்று 2025இல் அவர் வெளிப்படையாக அறிவித்தார். பணக்காரக் கொம்பனிகள் இலவசமாகப் பயன்படுத்திவிட்டு அவசரம் அவசரம் என்று தலையில் ஏறினால் வேறென்ன செய்வது? எங்களுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மேலே இருக்கிற ஒவ்வொரு படியும் பாரத்தைக் கீழே தள்ள, கடைசியில் அது அவர் தலையில் வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

ஸ்டிக்ஸ் இப்போது எக்ஸ்எம்எல்லை விட்டு ஜேசனுக்கு மாறிவிட்டது, பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள். பழைய கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றுகிற கருவிகள் இன்னும் எக்ஸ்எம்எல்லைத் திறந்துதான் வாசிக்க வேண்டும். வடிவம் எதுவானாலும், இந்தத் துறையில் வாசிக்கப்படுகிற தரவில் பாதி தாக்கியவனே எழுதியது: அவன் பதிந்த தளத்தின் பெயர், அவன் வைத்த கோப்பின் பெயர், அவன் அனுப்பிய மின்னஞ்சலின் தலைப்பு.

கம்பஸில் இறுதி ஆண்டுத் திட்டம் செய்கிற தம்பி தங்கச்சிகள் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். நாலு நூலகத்தை இறக்கி ஒன்றோடு ஒன்று ஒட்டித்தான் எல்லோரும் வேலை செய்கிறோம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. உங்கள் நிரலில் "வாசி" என்று பெயர் வைத்த செயற்கூறு ஒன்று கட்டாயம் இருக்கும். இண்டைக்கு இரவே அதுக்கு எச்டிடிபி என்று தொடங்குகிற ஒரு வரியைக் கொடுத்துப் பாருங்கோ. உங்கள் கணினியிலேயே ஒரு சின்னச் சேர்வரை ஓடவிட்டு, அதன் முகவரியைக் கொடுத்தால் போதும். கதவைத் தட்டுகிறதா இல்லையா என்று ஐந்து நிமிசத்தில் தெரிந்துவிடும்.