௧௦ என்று எழுதும் தமிழார்வலர்களுக்கு...

ஸ்கூல்ல ரோமன் எண் படிச்சது ஞாபகம் இருக்கா? 2005-ஐ எழுதச் சொன்னா எம், எம், வி. அவ்ளோதான். நடுவுல இருந்த ரெண்டு பூஜ்யம் எங்க போச்சுன்னு எந்தப் பையனும் கேட்டதில்லை. அது வேற முறை, அதுல பூஜ்யமும் கிடையாது, இடமதிப்பும் கிடையாதுன்னு வாத்தியார் முதல்லயே சொல்லிடுவார். நாலுக்கு வி-க்கு முன்னாடி ஏன் ஐ வருதுன்னு ஒரு பீரியட் முழுக்க உக்காந்து கத்துக்கிட்டோம். தப்பா எழுதினா மார்க் போச்சு.

எங்கயோ இருக்கிற ரோமாபுரிக்கு இவ்வளவு மரியாதை. நம்ம எண்ணுக்கு? ஒரே ஒரு படம். ௧, ௨, ௩-ல ஆரம்பிச்சு ௯ வரைக்கும் ஒரு அட்டவணை, கீழ 'தமிழனாக இருந்தால் பகிரவும்'. அதைப் பார்த்துட்டு 10-ஐ ௧௦-ன்னும் 2005-ஐ ௨௦௦௫-ன்னும் எழுதிட்டு, தமிழ் எண் கத்துக்கிட்டாச்சுன்னு கிளம்பிடறாங்க. கல்யாணப் பத்திரிகை, பொங்கல் வாழ்த்து, கட்அவுட், எல்லாத்துலயும் இதே கதைதான்.

ஐயா, நீங்க கத்துக்கிட்டது எழுத்துரு மாத்தறது. எண் இல்லை.

பழைய முறைல பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு. 2005-ன்னா ௨௲௫. வாயால 'இரண்டாயிரத்து ஐந்து'ன்னு எப்படிச் சொல்றீங்களோ அப்படியே கை எழுதுது. ரெண்டு, ஆயிரம், அஞ்சு. சொல்லாத பூஜ்யத்தை எழுத வேண்டிய வேலையே இல்லை. 235 என்பது ௨௱௩௰௫. நான் பொறந்த 1998 என்பது ௲௯௱௯௰௮. (இதுல மட்டும் தொள்ளாயிரம், தொண்ணூறுன்னு வாய் ஏமாத்தும். கை ஏமாத்தாது.)

ரோமன் முறையோட ஒப்பிட்டா இன்னும் ருசியா இருக்கும். அங்க பத்தைக் குறிக்கிற எக்ஸை நூறைக் குறிக்கிற சி-க்கு முன்னாடி வெச்சா கழிச்சுக்கணும், 90. இங்க சின்னது முன்னாடி வந்தா பெருக்கணும், பின்னாடி வந்தா கூட்டணும். ௰௲ பத்தாயிரம், ௲௰ ஆயிரத்துப் பத்து. ௱௲ ஒரு லட்சம், ௱௱௲ ஒரு கோடி. மூணே குறியை வெச்சுக்கிட்டு கோடி வரைக்கும் போயிருக்கான் நம்ம ஆளு. ரெண்டு பத்தியில சொல்லி முடிச்சுட்டேன். இதைச் சொல்லித்தர நமக்கு ஒரு பீரியட் கிடைக்கலை.

இதனால என்ன குடி முழுகிப்போச்சுன்னு கேப்பீங்க. எங்க வீட்டுல கிட்டத்தட்ட முழுகிச்சு.

பெரியப்பா வீட்டுப் பரண்ல தாத்தாவோட அப்பா எழுதின கணக்கு நோட்டு ஒண்ணு கிடந்தது. போகிக்கு முந்தின நாள் பரணைச் சுத்தம் பண்ணும்போது கெடைச்சது. பெரியப்பா பையன் தமிழ் ஆர்வத்துல என்னை விட ரெண்டு மடங்கு, அந்த அட்டவணை மனப்பாடம். வாங்கிப் பார்த்தான். பக்கத்துக்குப் பக்கம் தலைல இருந்த பிள்ளையார் சுழியை ரெண்டுன்னு படிச்சான். (உருவம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அவனைக் குத்தம் சொல்ல முடியாது.) அப்புறம் ஒரு வரி: ௱௰௫ கலம் நெல். அட்டவணையில ௱ இல்லை, ௰ இல்லை. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே உரு கடைசில இருந்த ௫. "அஞ்சு கலம். முன்னாடி ஏதோ கிறுக்கல். பெருசு, எழுத்துப்பிழை" அப்படின்னுட்டு போகிக்கு எடுத்து வெச்ச குவியல்ல போட்டுட்டான்.

நூத்திப் பதினைஞ்சு கலம், அஞ்சு கலம் ஆயிடுச்சு. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், நீங்களே பெருக்கிப் பாத்துக்கங்க. ஒரு அட்டவணையை மனப்பாடம் பண்ணினவன் கண்ணுக்கு முன்னாடியே இது நடந்தது. ஒண்ணுமே தெரியாத எங்க பெரியம்மாதான் "எழுத்து இருக்கிறதை எரிக்காதடா"ன்னு எடுத்து வெச்சாங்க.

உடனே ஒரு பதில் வரும்: மொழின்னா வளரணும், பூஜ்யம் சேர்த்தது வளர்ச்சி. சரி, ஒத்துக்கறேன். ஆனா எதுக்கு? கணக்குப் போடவா? அதுக்குத்தான் 1, 2, 3 இருக்கே. அதுவும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. அரசியல் சட்டம் 343-ஆவது பிரிவே அதை 'இந்திய எண்களின் பன்னாட்டு வடிவம்'னுதான் சொல்லுது. அதே பத்தடிமான முறைக்கு வேற சட்டை மாட்டிவிடறதுல பழசும் மிஞ்சலை, புதுசும் வரலை. தமிழ் எண் கத்துக்க இன்னிக்கு உருப்படியா ஒரு காரணம்தான் இருக்கு: பழைய பத்திரம், ஓலை, ஜாதகம், கணக்கு நோட்டைப் படிக்கிறது. அந்த ஒரே வேலைக்குத்தான் இந்த அட்டவணை உதவாது.

கம்ப்யூட்டர்காரங்களுக்கு இருக்கிற நிதானம் கூட நம்மகிட்ட இல்லைங்கறதுதான் கடுப்பு. யூனிகோடுல ௧ முதல் ௯ வரையும், ௰, ௱, ௲ மூணும் ஆரம்பத்துல இருந்தே இருக்கு. தமிழ் பூஜ்யம் ௦ உள்ள வந்ததே 2005-ல, 4.1-ஆம் பதிப்புல. மென்பொருள்களுக்கான வட்டாரத் தரவான சி.எல்.டி.ஆர்-லயும் மரபுத் தமிழ் எண்கள் ஒண்ணு, தமிழ் இலக்கங்கள் ஒண்ணுன்னு ரெண்டையும் தனித்தனியா வெச்சிருக்காங்க. ரெண்டும் வேறன்னு அவங்களுக்குத் தெரியுது. நம்ம போஸ்டர் அடிக்கிறவருக்குத் தெரியலை.

பின்னங்களைப் பத்தி ஆரம்பிச்சா இன்னிக்கு முடியாது. 320-ல ஒரு பங்குக்கு முந்திரி, 80-ல ஒண்ணுக்குக் காணி, 20-ல ஒண்ணுக்கு மா. தஞ்சாவூர்ப் பக்கம் வேலியில இருபதுல ஒரு பங்கு நிலத்தை மா-ன்னு சொல்றதும் இதே மா-தான். இந்தக் குறிகள் யூனிகோடுக்கு வந்தது 2019-ல. என் போன்ல இன்னும் கட்டம் கட்டமாத்தான் தெரியுது.

அந்த நோட்டு இப்ப என்கிட்ட இருக்கு. லீவுக்குப் போனப்ப கேட்டு வாங்கிட்டு வந்தேன். முழு எண் வர்ற பக்கமெல்லாம் ஒரு ராத்திரில படிச்சுட்டேன். நெல் பாக்கி யார்கிட்ட எவ்வளவுன்னு ஊர்ல பாதிப் பேரு வருது, அந்த வம்பெல்லாம் இங்க வேண்டாம். பின்னம் வர்ற பக்கத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன், காணிக்கும் மாகாணிக்கும் அந்த மனுஷன் கையெழுத்துல வித்தியாசமே தெரியலை. பெரியப்பா பையனுக்கு போன் பண்ணி ௰, ௱, ௲ மூணையும் எழுதி அனுப்பியிருக்கேன். "அட்டவணையில சேத்துடறேன்"னு சொல்லியிருக்கான்.