காலங்காலமா போன தடத்தில் திடீர் கம்பி வேலி! தோட்டத்துக்கு வழி கேட்பது உரிமையா, தயவா?

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட கிராமங்களில் பங்காளிகளையும் பக்கத்து தோட்டத்துக்காரர்களையும் போலீஸ் நிலையம் வரை இழுத்து வரும் விவகாரங்களில் தடத் தகராறும் ஒன்று. தாத்தா காலத்தில் மாட்டு வண்டி போன தடம். அப்பா காலத்தில் டிராக்டர் போனது. நிலம் கை மாறியதும் ஒருநாள் காலையில் பார்த்தால் கல் நட்டு, கம்பி வேலி போட்டு, கேட்டுக்கு பூட்டும் தொங்குகிறது. உள்ளே இருக்கும் தோட்டத்துக்காரர் பால் கேனை தலையில் சுமக்கிறார். தேங்காய் ஏற்ற லாரி வர முடியவில்லை. அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ்கூட வீட்டு வாசலுக்கு வராது.

"பட்டா என் பேர்ல இருக்கு, என் நிலத்துல நான் வேலி போடறேன்" என்பார் ஒருவர். "எங்க பாட்டன் பூட்டன் போன தடம்" என்பார் இன்னொருவர். இருவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதால்தான் பஞ்சாயத்து லேசில் முடிவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது

தடம் யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் உள்ள 'அ' பதிவேட்டிலும், புலப்படத்திலும் அது வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம். அதை அடைத்தவர் ஆக்கிரமிப்பாளர். 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்பு சட்டப்படி அதை அகற்ற தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம்.

தடம் தனியார் பட்டா நிலத்துக்குள் ஓடினால் கதை வேறு. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தாலும், வழி உரிமை உண்டா இல்லையா என்று முடிவாகச் சொல்வது சிவில் கோர்ட்டுதான். அதற்கு உள்ள சட்டம் 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம்.

மூன்று வகையில் வழி உரிமை

ஒன்று, பத்திரத்தில் எழுதி வாங்கிய உரிமை. "மாமூல் தட வழி நடை பாத்தியம்" என்று பழைய கிரயப் பத்திரங்களில் வரும் வரி இதற்காகத்தான். இந்த உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை விற்றால் வாங்குபவருக்கும் சேர்ந்தே போகும்.

இரண்டு, வேறு வழியே இல்லாத நிலை. ஒரே குடும்பத்து நிலத்தை பாகம் பிரிக்கும்போதோ, ஒரு பகுதியை விற்கும்போதோ, உள்ளே மாட்டிக்கொண்ட பங்குக்கு வெளியேற வழி இல்லை என்றால் மற்ற பங்கு வழியாக போகும் உரிமை தானாக வந்துவிடும். எந்தப் பக்கம் வழி விடுவது என்பதை நிலத்துக்காரர் முடிவு செய்யலாம். ஆனால் நியாயமாக போய்வர வசதியாக இருக்க வேண்டும். பிற்பாடு வேறு வழி கிடைத்துவிட்டால் இந்த உரிமை போய்விடும். சம்பந்தமே இல்லாத ஒருவருடைய காட்டின் மேல் இந்த உரிமையை கேட்க முடியாது.

மூன்று, 20 ஆண்டு தொடர்ந்து போய்வந்த உரிமை. யாரும் தடுக்காமல், ஒளிவுமறைவு இல்லாமல், உரிமையாக நினைத்து போயிருக்க வேண்டும். அரசு நிலம் என்றால் 30 ஆண்டு.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "அண்ணா, உங்க தோட்டம் வழியா போயிக்கட்டுங்களா?" என்று அந்த 20 ஆண்டுக்குள் ஒரே ஒருமுறை அனுமதி கேட்டிருந்தாலும் வழக்கு தள்ளுபடி ஆகும் என்று சட்டத்திலேயே உதாரணம் போட்டு எழுதி இருக்கிறது. மரியாதைக்கு கேட்டது, பின்னால் தயவாக ஆகிவிடுகிறது.

2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு மராட்டிய வழக்கில் இதை கறாராக சொன்னது. 20 அடி அகல தடத்தில் உரிமை கேட்டவர்கள் 20 ஆண்டு பயன்படுத்தியதை நிரூபிக்கவில்லை, அவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது என்று கூறி அப்பீலை தள்ளுபடி செய்தது. தூரமாக இருக்கிறது, சுற்றிப் போகணும் என்பது மட்டும் போதாது.

நிலத்துக்காரர் பக்கம்

வழி உரிமை இருந்தாலும் நிலம் நிலத்துக்காரருடையதுதான். நடந்து போக மட்டும் உரிமை உள்ளவர் அதில் லாரி விட முடியாது. ஒரு வீட்டுக்கு இருந்த தடத்தை 40 மனை போட்டு விற்கும் லேஅவுட்டுக்கு ரோடாக மாற்றவும் முடியாது. தடத்துக்கு மண் கொட்டி சரி செய்யும் செலவு பயன்படுத்துபவருடையது. 20 ஆண்டு யாருமே போகாமல் விட்ட தடத்தில் உரிமை அழிந்துவிடும்.

வேலியை பிடுங்கலாமா?

கூடாது. தடத்தை தப்பாகவே அடைத்திருந்தாலும் தானே போய் உடைக்க உரிமை இல்லை என்று சட்டம் தெளிவாக சொல்கிறது. கடப்பாரையோடு போனால் பாதை கேட்டவர் மீதே கேஸ் விழும்.

அடிதடி வரும் நிலை என்றால் ஆர்.டி.ஓ. விசாரித்து அமைதிக்காக தற்காலிக உத்தரவு போடலாம். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 147-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 166-வது பிரிவு. புகாருக்கு முந்தைய 3 மாதத்துக்குள் தடத்தை பயன்படுத்தி இருக்க வேண்டும். அறுவடைக்கு மட்டும் போகும் தடம் என்றால் கடைசி அறுவடையின்போது போயிருக்க வேண்டும். ஆகவே தாமதம் ஆபத்து.

கோர்ட்டிலும் அப்படித்தான். அடைத்தது தெரிந்தும் ஓராண்டு சும்மா இருந்தால், 20 ஆண்டு கணக்கு அறுந்துவிடும். வேலி விழுந்த வாரமே போட்டோ எடுத்து, பழைய பத்திரம், புலப்பட நகல் ஆகியவற்றோடு வக்கீலை பார்த்து தடை உத்தரவு கேட்பதே நல்லது. இலவச சட்ட உதவிக்கு தாலுகா கோர்ட்டில் சட்டப்பணிகள் குழு இருக்கிறது.

இதைவிட செலவு குறைந்த வழியும் உண்டு. பாகப்பிரிவினை எழுதும்போதே தடம் எந்த சர்வே எண்ணில், எத்தனை அடி அகலம், வண்டி போகலாமா என்று எழுதி பதிவு செய்துவிட வேண்டும். அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும்போது "அதெல்லாம் எதுக்கு?" என்று விட்ட அந்த ஒரு வரிக்காகத்தான் பேரன்கள் இப்போது முன்சீப் கோர்ட்டு வாசலில் வாய்தா வாங்கிக் கொண்டிருக்கிறார்கள்.