திரைவாசிப்பான் காத்திருந்த காலம்

லினக்ஸ் மேசைக்கணினிச் சூழல்களான கினோம், கேடிஇ ஆகியவற்றின் மென்பொருட்கூறுகள் ஒன்றோடொன்று உறவாட இயலாதிருந்ததை வெறும் தொழில்நுட்பப் பூசலாகக் கருதுவது பிழை. கினோம், கோர்பா என்னும் பொதுத்தரத்தின்மீது போனபோவை எழுப்பியது. கேடிஇயோ கோர்பாவை முயன்று பார்த்து, பெருஞ்சுமையெனக் கைவிட்டு, கேபார்ட்ஸ், டிகாப் எனத் தனிவழி சென்றது. அம்முடிவு தன்னளவில் சரியே. அதற்கு விலை கொடுத்தவர்கள் பார்வையற்றோர். கினோமின் அணுகல் இடைமுகம் கோர்பாவைச் சார்ந்திருந்தமையால், ஓர்க்கா திரைவாசிப்பானுக்குக் கேடிஇ செயலிகள் நெடுங்காலம் எட்டாதவையாகவே இருந்தன. 2006இல் டி-பஸ் 1.0 வெளிவந்தது, 2008இல் கேடிஇ 4 டிகாப்பை விட்டு அதனை ஏற்றது. அணுகல் இடைமுகமும் டி-பஸ்ஸுக்குப் பெயர்ந்த பின்னரே அச்சுவர் தளரத் தொடங்கியது. ஒரு சூழலின் கூற்றை மற்றதன் சாளரத்துக்குள் பதிக்கும் பழைய கனவு மட்டும் நிறைவேறவில்லை. அதற்காக வருந்துவோரும் இன்று அரிதே.