கம்பியும் கண்ணும்

ரொறன்ரோவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் தங்கையின் மகன், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் ஒரு பகல் முழுவதும் படம் எடுத்துவிட்டு முகம் வாடித் திரும்பினான். அவன் கமெராவின் விலையைக் கேட்டபோது, நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் அந்தப் பணத்துக்கு வெள்ளவத்தையில் ஒரு காணி வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. நானூறு படங்கள் இருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் கம்பிவலையின் துரு துல்லியமாகத் தெரிந்தது. வலைக்கு அப்பால் நின்ற பிராணியோ வெறும் புகைமூட்டம்.

"மாமா, லென்ஸில ஏதும் பிழையோ?" என்றான்.

லென்ஸில் பிழையில்லை. 1985 இல் மினோல்டா 7000 வந்த நாளிலிருந்து, குவியத்தைச் சரிசெய்யும் வேலையைக் கமெராவிடம் ஒப்படைத்துவிட்டோம். அதற்குச் சிறுத்தை எது, கம்பி எது என்று தெரியாது. வெளிச்சமும் இருளும் கூர்மையாகச் சந்திக்கும் விளிம்பைத் தேடும். பெரும்பாலும் அண்மையில் இருப்பதையே பற்றிக்கொள்ளும். வெயிலில் மினுங்கும் கம்பியைவிட அதற்கு வாய்ப்பான பொருள் வேறில்லை. விலங்கின் கண்ணைத் தானாகவே கண்டுபிடிக்கும் வசதியை 2019 இல் சோனி நிறுவனம் கொண்டுவந்தது. இப்போது ஏனைய நிறுவனங்களின் கமெராக்களிலும் அது உண்டு. ஆயினும் கண்ணுக்குக் குறுக்கே ஒரு கம்பி விழுந்தால் அதுவும் தடுமாறத்தான் செய்கிறது.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் பத்திரிகையின் மூத்த படப்பிடிப்பாளர். 1979 இல், சிறுவர் பகுதிக்கென்று நான் இதே தெஹிவளையில் ஒரு பிலிம் சுருளை முடித்துக்கொண்டு வந்தேன். முப்பத்தாறு படங்கள். நெகற்றிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "தம்பி, நீர் கம்பியையெல்லோ படம் பிடிச்சிருக்கிறீர்" என்றார். பின்னர் என்னைத் திரும்பவும் அங்கே அழைத்துச் சென்றார்.

அவர் சொன்னதன் கணக்கு எளிது. 200 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 4 அளவில் திறந்தால், ஒளி புகும் துவாரத்தின் விட்டம் 50 மில்லிமீற்றர். வலைக்கம்பியின் தடிப்பு இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர். கம்பி லென்ஸுக்கு அண்மையிலும் பிராணி கம்பியிலிருந்து தள்ளியும் இருந்தால், அந்தச் சிறு தடையைச் சுற்றிக்கொண்டு ஒளி உள்ளே வந்துவிடும். கம்பி கரைந்து காணாமற் போகும். துவாரத்தை எஃப் 16 இற்குச் சுருக்கினால் விட்டம் 12.5 மில்லிமீற்றர்தான், கம்பி மீண்டும் கோடு கோடாக முளைக்கும். மருமகன் எஃப் 11 இல் எடுத்திருந்தான். துவாரம் சுருங்கினால் எல்லாம் தெளிவாகும் என்று எங்கோ படித்தானாம். எல்லாம் என்பதில் கம்பியும் அடங்கும் அல்லவா?

நிழல் விழுந்த வலையைத் தேர்ந்துகொள்வது நல்லது. வெயில் பட்ட வலை கரைந்த பின்னும் படத்தின்மேல் ஒரு வெண்திரை போடும். குவியப் புள்ளி ஒன்றை மாத்திரம் வைத்து அதைக் கண்ணில் நிறுத்த வேண்டும். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கியிருப்பதை எவரும் கவனிப்பதில்லை. கண்ணாடிக் கூடென்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, கறுப்புத் துணியால் சுற்றி மறைத்தால் போதும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். அது வலையில் அல்லது கண்ணாடியில் பட்டு உங்களிடமே திரும்பும், பிராணியையும் வெருட்டும். பாதுகாப்பு வேலியைத் தாண்டி வலையருகே போக ஆசைப்படுவோருக்குச் சொல்ல என்னிடம் உத்தி எதுவும் இல்லை.

இனி நடக்கும் விலங்கு. சிறுத்தை கூட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓயாது நடக்கும். அதைத் துரத்திக்கொண்டு கமெராவைத் திருப்பினால் தோல்விதான். "அது திரும்புற இடத்தைப் பாரும்" என்றார் அந்த மூத்தவர். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், தலையை அதே பக்கமாகச் சாய்த்து, அரைக்கணம் நின்று திரும்பியது. குவியத்தை முன்கூட்டியே அங்கே நிறுத்திக் காத்திருந்தேன். நடக்கும்போது 1/500 வினாடி வேண்டும். திரும்பும் அரைக்கணத்துக்கு 1/250 போதும். ஏழாவது திருப்பத்தில் கண் என்னை நேராகப் பார்த்தது.

அந்த உத்தி ஏன் தவறாமல் பலிக்கிறது என்று அன்று நான் யோசிக்கவில்லை. காட்டில் எந்தச் சிறுத்தையும் ஒரே இடத்தில் நூறு தடவை திரும்பாது. கூட்டில் அடைபட்டதனாலேயே அது அப்படி நடக்கிறது. 2003 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, இயற்கையில் பரந்த எல்லையில் உலவும் ஊனுண்ணிகளே கூட்டில் அதிகம் இவ்வாறு நடை பயில்கின்றன என்று காட்டியது. என் படத்தின் தெளிவுக்கு விலை கொடுத்தது அந்த மிருகம்தான்.

நான் செய்த காரியமோ அதைவிட மோசம். கம்பி இல்லாத அந்தப் படத்தின் கீழே 'வில்பத்துவின் வேந்தன்' என்று எழுதினேன். ஓசை நன்றாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை. மடுப் பக்கத்து ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது: 'வில்பத்துவில் சீமெந்துத் தொட்டி எவ்விடத்தில் உள்ளது என அறியத் தரவும்.' படத்தின் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு இருந்ததை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் ஆசிரியர் அட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். திருத்தம் போடவில்லை. சிறுவர் பகுதிதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். சிறுவர்கள்தானே அதை அப்படியே நம்பியிருப்பார்கள் என்பது பிந்தித்தான் உறைத்தது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் உலகக் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம் முதற்பரிசு பெற்றது. அது பெரும்பாலும் பழக்கப்பட்ட, வாடகைக்கு எடுக்கக்கூடிய ஓநாய் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தனர். படம் எடுத்தவர் அதை மறுத்தார். அந்தப் படத்தின் தெளிவில் எவரும் குறை கண்டதில்லை.

ஆகவே, கம்பியை அழிக்கும் வித்தையைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் அழித்த கம்பியைப் படத்தின் கீழேயுள்ள வரியில் திரும்ப வைத்துவிட வேண்டும். இன்ன மிருகக்காட்சிச்சாலை, இன்ன நாள், அவ்வளவு போதும். அதோடு, கம்பியை அழிக்கத்தான் வேண்டுமா என்றும் இடைக்கிடை கேட்டுக்கொள்ளலாம். அமெரிக்கரான கரி வினோகிரான்ட் நியூயோர்க் மிருகக்காட்சிச்சாலையில் எடுத்த படங்கள் 1969 இல் நூலாக வந்தன. அவர் கம்பியையும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும் படத்துக்குள்ளேயே விட்டுவைத்தார்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மருமகன் அடுத்த நாளும் தெஹிவளைக்குப் போனான். இம்முறை அறுபது படங்கள்தான். கண் கண்ணாகவே இருந்த சிறுத்தைப் படங்கள் ஐந்தாறு தேறின. எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒன்றைக் காட்டினான். வேண்டுமென்றே துவாரத்தைச் சுருக்கி, வலையின் ஒரு கண்ணிக்குள் சிறுத்தையின் ஒரு கண் வருமாறு எடுத்திருந்தான். துருவும் தெளிவு, கண்ணும் தெளிவு. ரொறன்ரோவிலுள்ள நண்பர்களுக்கு எதை அனுப்பப் போகிறாய் என்று கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை என்றான்.