சிறு காப்பித் தோட்டமும் விபத்து இன்ஷூரன்ஸ் மதிப்பும்

சேர்வராயன் மலையில் கொட்டச்சேடு முதலிய கிராமங்களில் சில ஏக்கர் காப்பி வைத்திருப்போர், வருஷத் தொடக்கத்தில் உரத்திற்கும் மருந்துக்கும் கூலிக்கும் மதிப்புப் போடுகின்றனர். ஆட்களுக்கு விபத்து நேரிட்டால் கொடுக்கவேண்டிய நஷ்டஈட்டுக்கான இன்ஷூரன்ஸ் செலவையும் அதனுடன் சேர்த்தல் அவசியம். நிரந்தர ஆட்களை மட்டும் எண்ணி அதனை மதிப்பிடுவது பிழையான சிக்கனமாகும்.

1923 ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் முன்னர் 25 பேரேனும் வேலை செய்த காப்பித் தோட்டங்களுக்கே பொருந்திற்று. 2009 ஆம் வருஷத்துத் திருத்தம் அவ்வரம்பை நீக்கிற்று. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலில் உள்ளது. ஆகவே, தோட்டம் சிறிது என்பதால் பொறுப்பு நீங்காது.

அப்பொறுப்பின் அளவு யாதெனின், மரணம் நேர்ந்தால் மாதக் கூலியிற் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்கி வரும் தொகையாம். 40 வயதுக்குரிய எண் 184.17. மாதம் 10,000 ரூபாய் பெறும் அவ்வயதினர் சில்வர் ஓக் மரத்தினின்று விழுந்து இறந்தால், குடும்பத்திற்குச் சேரவேண்டியது 9,20,850 ரூபாய். முற்றிலும் உழைக்க இயலாதவாறு நிரந்தர ஊனமுற்றாலோ, நூற்றுக்கு 60 வீதம் கணக்கிட 11,05,020 ரூபாய் ஆகும். சிறு தோட்டக்காரர் நிலத்தை விற்றாலன்றி இதனைக் கட்டுதல் அரிது.

பிரீமியமோ வருஷத்து மொத்தக் கூலியின்மேல் விதிக்கப்படுவது. நிரந்தர ஆட்கள் 6 பேருக்கு மாதம் 10,000 வீதம் வருஷத்திற்கு 7,20,000 ரூபாய். பழம் பறிக்கும் பருவத்தில் 10 பேருக்கு அதே வீதம் 3 மாதத்திற்கு 3,00,000. ஆக 10,20,000 ரூபாய். உதாரணமாக ஆயிரத்திற்கு 20 ரூபாய் வீதமாயின் பிரீமியம் 20,400; பருவ ஆட்களை விட்டுவிட்டால் 14,400. 6,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய், பாலிசியில் காட்டாத ஆளுக்கு விபத்து நேர்ந்தால் கம்பெனி மறுக்க இடமுண்டாகும். தோட்டக்காரரின் கடமையோ அப்படியே நிற்கும்.

நிழல் மரம் கழிக்கும் வேலையை மேஸ்திரியிடம் காண்டிராக்ட்டாக ஒப்படைத்தால் கவலை தீர்ந்தது என்று கருதுதலும் தவறு. அது தோட்டத்தின் வழக்கமான வேலையாதலால், அவருடைய ஆட்களுக்கும் தோட்டக்காரரே நஷ்டஈடு கொடுக்க நேரும். பின்னரே அதனை மேஸ்திரியிடம் கேட்கலாம். மரம் ஏறுதலும் ஏணி வைத்து மிளகு பறித்தலும் அபாயம் மிகுந்தவை. ஆதலால் அவ்வேலைகளுக்கான கூலியைத் தனியே எழுதி, கம்பெனிக்கு மறையாது தெரிவித்தல் வேண்டும். வருஷ முடிவில் உண்மைக் கூலியைக் கொண்டு பிரீமியம் சரிசெய்யப்படுமாதலின், கூலிப் புஸ்தகத்தை நாள்தோறும் எழுதுதலே சரியான மதிப்பிற்கு ஆதாரம்.

காப்பிச் செடி பட்டுப்போனால் மறு நடவு உண்டு. உழைத்தவரை இழந்த குடும்பத்திற்கோ, குறைவின்றிப் போட்ட இம்மதிப்பு ஒன்றே பிற்காலத்திற்குத் துணையாகும்.