கிணற்றுக்குப் பணம் அனுப்புமுன்



போன மாத இளையோர் கூட்டத்தில் ஒரு தம்பி கைபேசியில் காணொளி ஒன்று காட்டினார். நிறத் தண்ணீருக்குள் வெள்ளைத் தூளைக் கலந்து வெயிலில் வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நிறம் போய்விடுகிறது. களைநாசினியையும் இப்படியே உடைக்கலாமாம். "யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளுக்கு இதை வாங்கிக் கொடுப்போம்" என்று அந்த இடத்திலேயே நிதி சேர்க்கிற பேச்சும் தொடங்கிவிட்டது. இந்தச் சபையில் தாதியராக வேலை செய்கிற எங்களுக்கு அந்த ஆர்வம் சந்தோஷம்தான். ஆனாலும் பணம் அனுப்பத் தயங்குகிறோம்.

காணொளி பொய்யில்லை. அந்தத் தூள் டைட்டேனியம் டையொக்சைட். சுவர்ப் பெயின்டிலும் சன்ஸ்கிரீனிலும் இருக்கிற அதே வெள்ளைதான். புற ஊதாக் கதிர் பட்டதும் அதன் மேற்பரப்பில் ஹைட்ரொக்சில் என்ற முரட்டுத் துணிக்கைகள் உண்டாகி, கிட்ட அகப்படும் மூலக்கூறுகளை உடைக்கின்றன. தூள் செலவாவதில்லை, ஒளிதான் செலவு. 1972இல் புஜிஷிமா, ஹொண்டா என்ற இரு ஜப்பானியர் இதைப் பற்றி எழுதியதில் இருந்து உலகம் முழுக்க ஆராய்கிறார்கள்.

ஆனால் உடைந்தது எல்லாம் ஒழிந்தது அல்ல. டைலனோல், ஊரில் பனடோல், அளவு மீறினால் ஈரலைக் கெடுப்பது அந்த மருந்து அல்ல. ஈரல் அதை உடைக்கும்போது வருகிற பொருள். களைநாசினியிலும் இதைப் பார்க்க வேண்டும். இங்கே ஒன்ராறியோவின் சோள வயல்களுக்கு அடிக்கிற அட்ரசீனை இந்தத் தூள் உடைக்கும். ஆனால் அதன் நடு வளையம் உடையாமல் சயனூரிக் அமிலமாக நின்றுவிடும். அது அட்ரசீனைவிட எவ்வளவோ சாதுவானது. வழியில் உண்டாகிறவை அப்படியல்ல. குடிநீரில் லீற்றருக்கு 5 மைக்ரோகிராம் என்ற கனடிய அளவில் அட்ரசீனோடு அந்தத் துண்டுகளையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

இனி எங்கள் ஊர்த் தண்ணீர். யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகாபனேற்று, களைநாசினியைத் தேடிப்போகிற ஹைட்ரொக்சிலை முதலில் தானே விழுங்கிக்கொள்ளும். ஆய்வுகூடத்தில் வடித்த தண்ணீரில் பார்த்த வேகத்தைக் கிணற்றுத் தண்ணீரில் எதிர்பார்க்க முடியாது. வெயிலிலும் புற ஊதா ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்குதான். கடைசியில் தூளையும் வடித்து எடுக்க வேண்டும்!

எங்களை அதிகம் உறுத்துவது வேறு. வெங்காயமும் புகையிலையும் நடுகிற பகுதிகளின் கிணறுகளில் பசளையாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று ஏறியிருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். இந்தத் தூள் நைத்திரேற்றை நீக்காது. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். அம்மம்மாமார் நம்புகிற வழி அதுதான், பாவம்.

ஆகையால் சேர்க்கிற முதல் பணம் கருவிக்கு வேண்டாம், பரிசோதனைக்குப் போகட்டும் என்கிறோம். இந்த வாரம் ஊருக்கு அழைக்கும்போது மாமா, சித்தியிடம் கேளுங்கள்: கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எவ்வளவு தூரம், பக்கத்துத் தோட்டத்தில் என்ன பயிர், என்ன மருந்து அடிக்கிறார்கள், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? பதில்களை அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தக் கிணற்றில் இருந்து தொடங்குவது என்று அன்றைக்கே பார்த்துவிடலாம்.